தம்பியின் காதுக்கு எழுதிய வரி

1

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். நோர்வேக்காரர்களுக்குக் கூட்டம் என்றால் கல்யாணப் பந்தி மாதிரி. கோப்பியும் கறுவாப் பணிசும் வைத்துக்கொண்டு ஆற அமர உட்கார்ந்துவிடுவார்கள். நான் பேர்கன் நகரத்தில் ஒரு கல்வி நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களில் ஒருவர் இயந்திரம் மாறிக் கட்டளை கொடுத்துவிட்டதுதான் கூட்டத்துக்குக் காரணம். நிறுத்த நினைத்தது ஒன்று, நின்றது வேறொன்று.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். யுனிக்ஸ் வகைக் கணினிகளில் படமும் பொத்தானும் இல்லாமல் எழுத்தாலேயே கட்டளையிடும் முறை ஒன்று உண்டு. நாம் எழுதுவதற்கு முன் இயந்திரம் தானாக ஒரு சிறு வரியைக் காட்டிவிட்டுக் காத்திருக்கும். அதற்குப் 'பிராம்ப்ட்' என்று பெயர். நீ யார், எந்த இயந்திரத்தில் நிற்கிறாய், எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறாய் என்றெல்லாம் அது சொல்லும். அந்த வரியை அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். கணினிக்காரர்களுக்கு அதை அலங்கரிப்பதில் ஒரு கிறுக்கு உண்டு. சிலர் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் இவ்வளவு யோசிக்க மாட்டார்கள்.

ஒவ்வொருவருடைய வரியையும் சுவரில் காட்டச் சொன்னார்கள். ஒருவருடையது மூன்று நிறத்தில் இருந்தது. இன்னொருவர் குடைப் படம் போட்டிருந்தார். பேர்கனில் எப்போதும் மழை என்பதால் எல்லாரும் சிரித்தார்கள். என் முறை வந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இயந்திரத்தின் பெயர் மட்டும், ஒரே ஒரு சொல்.

"இவ்வளவு அனுபவம் உள்ளவர், ஏன் இப்படி மொட்டையாக வைத்திருக்கிறீர்கள்?" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. பழக்கம் என்று சொல்லி முடித்துக்கொண்டேன். உண்மையான பதிலைச் சொல்லும் அளவுக்கு நோர்வேஜிய மொழி இன்னும் என் கைக்கு வரவில்லை. அதனால் இங்கே தமிழில் சொல்கிறேன்.

2

என் தம்பி சிவகுமார் இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறான். பல்லேகலக் கைத்தொழில் வலயத்தில், தேயிலையைப் பொதி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தின் கணினிகளுக்கெல்லாம் அவன் ஒருவன்தான் பொறுப்பு. மனைவி மாலா. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அந்த ஒரு வேலையை நம்பித்தான் அந்த வீடு.

இந்தத் தொழிலை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான். அதனால் அவனுடைய நிறுவனத்தின் இயந்திரங்களில் எனக்கும் உள்ளே நுழைய ஒரு கணக்கு இருந்தது. மேலாளர் ஒரு சிங்களவர், நல்ல மனிதர், அவர் சம்மதத்தோடுதான். சிவாவுக்குக் காய்ச்சல் வந்தாலோ, பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிக்குப் போனாலோ நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்வேன்.

இயந்திரங்களுக்கு அவன் ஊர்ப்பெயர் வைத்திருந்தான். நிறுவனத்தின் உண்மையான வேலை நடப்பது 'பல்லேகல'. எதையும் முதலில் போட்டுச் சோதித்துப் பார்ப்பது 'கெலிஓயா'. யாரும் தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்த ஒரு பழைய இயந்திரம் 'கட்டுகஸ்தோட்டை'. இங்கே சன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். என் திரையோ நான் கெலிஓயாவில் நிற்பதாகச் சொல்லும். பொய் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அதை நம்பிக்கொள்வேன்.

எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவனுக்குப் பிளேன்டீ நேரம். அப்போது பேசுவோம்.

"எங்க நிக்கிறீங்க அக்கா?"

"கட்டுகஸ்தோட்ட."

"அங்க என்னா பண்றீங்க? பாலத்தத் தாண்டி வாங்க. பல்லேகலயில வேல கெடக்கு."

சிரித்துக்கொண்டே பல்லேகலவுக்குப் போவேன். விமானச் சீட்டு வேண்டாம், விடுமுறைக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

3

சிவாவுக்குச் சீனி வருத்தம் என்று நாங்கள் சொல்லும் நீரிழிவு சிறு வயதிலேயே வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் அது சொத்து மாதிரி இறங்கி வரும். கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். லேசர் வைத்தார்கள். ஒரு கண் போய்விட்டது. மற்றக் கண்ணில் கொஞ்சம் தெரிந்தது.

"எழுத்தப் பெருசாக்கிக் குடுங்க அக்கா. மத்தத நான் பாத்துக்குவேன்" என்றான்.

எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. தூரத்தில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய வியாதி. கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அதற்குப் பதிலாக எதையாவது செய்தே ஆக வேண்டும். நான் அவனுடைய பிராம்ப்டைக் கையில் எடுத்தேன். பல்லேகலவுக்குச் சிவப்பு, ஆபத்து என்று தெரிய. கெலிஓயாவுக்குப் பச்சை. பழைய இயந்திரத்துக்கு மஞ்சள். முன்னால் நேரம், பிறகு இயந்திரத்தின் பெயர், பிறகு கோப்புறை.

ஆனால் இயந்திரத்துக்கு இயந்திரம் விதம் வேறு. நாம் எழுதும் கட்டளையை வாங்கிக்கொள்ளும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர். அதில் பல வகை உண்டு. பாஷ் என்ற ஷெல்லில் இயந்திரத்தின் பெயர் வேண்டுமென்றால் ஒரு பின்சாய்வுக் கோடும் ஓர் எழுத்தும் போட்டால் போதும். அதையே பழைய கோர்ன் ஷெல்லிடம் கொடுத்தால், புரியாமல் அந்தக் கோட்டையும் எழுத்தையும் அப்படியே திருப்பிக் காட்டும். சிவாவின் மடிக்கணினியில் இருந்த இசட் ஷெல்லுக்குச் சதவீதக் குறி வேண்டும். நிறம் சேர்த்தால் இன்னொரு வில்லங்கம். நிறத்துக்கான குறிகள் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றை நீளத்தில் எண்ணாதே என்று ஒவ்வொரு ஷெல்லிடமும் அதனதன் பேச்சில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீளமான கட்டளை எழுதும்போது எழுத்து வந்த வழியே திரும்பித் தன் தலைமேலேயே ஏறிக்கொள்ளும்.

எனக்கு இது புதிதல்ல. கண்டியில் ஒரே பஸ்ஸில் மூன்று தமிழ் கேட்டு வளர்ந்தவள் நான். இங்கே தமிழ்ப் பாடசாலையில் என் மகள் அஞ்சலியைச் சேர்க்கப் போன நாள், நான் எங்கள் மலையகத் தமிழில் இரண்டு வசனம் பேசியதும், இலங்கை வடக்கிலிருந்து வந்திருந்த ஆசிரியை அன்பாகக் கேட்டார்: "நீங்கள் இந்தியாவோ?" கண்டி என்றேன். "ஓ, கண்டியே!" என்றார். அதற்குப் பிறகும் ஒரு வருடம் என்னை இந்தியாக்காரியாகத்தான் நடத்தினார். என் மகள் இன்று பேசும் தமிழ் அவர் கொடுத்தது. "ஓம் அம்மா, வாறன்" என்பாள். அதற்கு மேல் போனால் நோர்வேஜிய மொழிக்குத் தாவிவிடுவாள். அவளும் தன் மாமாவும் தொலைபேசியில் "சுகமா?" என்பதைத் தாண்டிப் பேசி நான் கேட்டதில்லை.

நிறங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருந்தேன். சிவப்பு மங்கலாக இருக்கிறதா, இன்னும் வெளிச்சமாக்கவா என்று கேட்பேன். "நல்லா இருக்கு அக்கா. பளிச்சுனு தெரியுது" என்பான்.

அப்போதே அவன் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளையும் போட்டுக்கொண்டான். கண்ணுக்கு ஓய்வு கொடுக்கத்தான் என்றான். அந்த ஆங்கிலக் குரல் எங்கள் ஊர்ப்பெயர்களைக் கடித்துத் துப்பியது. கெலிஓயாவை அது சொன்ன விதத்தைக் கேட்டால் கெலிஓயாக்காரர்கள் வழக்குப் போடுவார்கள்.

"பேரெல்லாம் தமிழ்லயே போட்டுருவோம் அக்கா. நம்ம ஊரு பேர இவன் எதுக்கு இப்புடிக் கொல பண்றான்?" என்று சிவா சொன்னான்.

இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது. அன்று மாலையே தமிழ் எழுத்தில் மாற்றினேன். சிவப்பில் 'பல்லேகல' என்று திரையில் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"எப்படி இருக்கு?"

"ரொம்ப அழகா இருக்கு அக்கா" என்றான்.

4

மறு வாரம் பல்லேகல இயந்திரம் வேலை நேரத்தில் நின்றது. பொதிகளுக்கு ஒட்டும் சீட்டுகள் அச்சாகவில்லை. கொழும்புத் துறைமுகத்துக்குப் போக வேண்டிய லொறிகள் வாசலில் வரிசையாக நின்றன. அதை நிறுத்தியது சிவா. கெலிஓயாவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, இயந்திரத்தை அணைத்து மறுபடி தொடங்கும் கட்டளையைக் கொடுத்திருக்கிறான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கண் முன்னாடி சிவப்பில எழுதி வச்சிருக்கே, உனக்கு என்ன கேடு?" என்று, வீடு திரும்பியிருந்தவனிடம் தொலைபேசியில் கத்தினேன். மாலா கைபேசியை வாங்கினாள்.

"அண்ணி, அவர ஏசாதீங்க. ரெண்டு மாசமா அவருக்கு ஒண்ணுமே தெரியிறதில்ல. வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது. அதுவும் காலையில."

"ரெண்டு மாசமா? என்கிட்ட பளிச்சுனு தெரியுதுன்னானே!"

"நீங்க அங்கேருந்து ஒவ்வொரு கலரா மாத்தி மாத்திப் போடுறீங்க. எப்புடி அண்ணி தெரியலன்னு சொல்றது?"

அப்போது அலுவலகச் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். நின்றபடியே அழுதேன். இவ்வளவு காலமும் நான் வண்ணம் பூசியது யாருக்கு என்று நினைத்து அழுதேன்.

என்ன நடந்தது என்பது பிறகு விளங்கியது. அந்த ஆங்கிலக் குரலுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. தெரியாது என்றும் சொல்லாது. பேசாமல் தாண்டிப் போய்விடும். இரண்டு இயந்திரத்திலும் அவன் காதில் விழுந்தது நேரமும் கோப்புறையும்தான், ஊர்ப்பெயர் விழவில்லை. அன்று பல்லேகலவை விட்டு வெளியே வரும் கட்டளையில் அவனுக்கு ஓர் எழுத்துத் தவறியிருக்கிறது. அப்படி ஒரு கட்டளை இல்லை என்று இயந்திரம் சொன்ன நேரத்தில் யாரோ வந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே வந்து, முதலில் நின்ற கெலிஓயாவுக்கே திரும்பிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான். கண்ணால் பார்த்தே சரி என்று நான் முடிவு செய்தேன். கண் தெரிவதாக அவன் காட்டிக்கொண்டான்.

மேலாளர் அவனை அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சிங்களத்தில் பேசியிருக்கிறார். கண்ணைப் பற்றி அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அவர் ஏசவில்லை. வலயத்தில் வேறு எந்த மேலாளராக இருந்தாலும் அன்றே வேலைநீக்கக் கடிதம் கொடுத்திருப்பார்கள் என்று சிவாவே சொன்னான். ஆனால் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். மாத முடிவில் எல்லா இயந்திரங்களையும் புதுப்பிக்கும் நாள் வரும். அந்த வேலையை முழுக்க அவன் தனியாகச் செய்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் தொலைபேசி எடுக்கும் மேசைக்கு மாற்றிவிடுவார். இயந்திரங்களை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்.

"டெலிபோன் எடுக்கிறது கேவலமில்ல அக்கா. ஆனா நான் அந்தக் கதிரையில போயி உக்காந்தா, அதுக்கப்புறம் எழும்ப மாட்டேன்" என்றான் சிவா.

5

இங்கே பார்வையற்றவர்களுக்குக் கருவி கொடுக்கும் அரசாங்க அலுவலகம் ஒன்று இருக்கிறது. பழைய கருவி ஏதாவது ஊருக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கப் போனேன். என் தம்பி இருட்டாகப் பார்க்கிறான் என்று அவர்கள் மொழியில் சொன்னேன். அந்த அம்மையார் ஆதரவாகத் தலையசைத்து, இந்த மழைக்காலத்தில் எல்லோருக்கும் மனம் சோர்வது இயல்புதான் என்றார். அந்த மொழியில் அப்படிச் சொன்னால் நம்பிக்கை இழந்துவிட்டான் என்று அர்த்தமாம். திருத்திச் சொன்னேன். நாட்டுக்குள் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் என்றார். அவர் சட்டத்தை அவர் சொன்னார், பிழையில்லை.

சனிக்கிழமை, அதே வாசிக்கும் மென்பொருளை என் கணினியில் போட்டேன். அதை நான் முன்பே செய்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டளை கொடுத்தேன். அடைப்புக்குறி, நேரம், அடைப்புக்குறி, பெயர், முகவரிக் குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு, இன்னொரு சாய்கோடு என்று என் அலங்காரம் முழுவதையும் அந்தக் குரல் ஒப்பித்தது. அடுத்த கட்டளைக்கும் அதே புராணம்.

அஞ்சலி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா ஒவ்வொரு தரமும் இதை முழுக்கக் கேட்க வேண்டுமா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள். மாமா என்பதை மட்டும் தமிழில் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். "நான் என்றால் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவேன்" என்றாள்.

நிறம், நேரம், கோப்புறை எல்லாவற்றையும் எடுத்தேன். சிவாவைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஷெல்லாகப் போனோம். இந்த முறை நான் எழுதவில்லை. அவன் எழுதினான், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கே பின்சாய்வுக் கோடு, எங்கே சதவீதக் குறி என்று அவனுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன், எனக்கு அது லேசான காரியமில்லை.

"ஒத்தச் சொல்லு போதும் அக்கா. அதுவும் மொதல்லயே வரணும். எங்க நிக்கிறேன்னு தெரிஞ்சா போதும், மத்தது வேணும்னா நான் கேட்டுக்கிறேன்."

"என்ன சொல்லு போடப் போற?"

"பல்லேகலக்கு லொறி. அன்னைக்கி வாசல்ல நின்னத நான் மறக்கக்கூடாது. கெலிஓயாவுக்கு டீ. அந்தப் பழசுக்கு அங்கிள்."

ஆங்கிலக் குரல் மூன்றையும் பிசகாமல் சொன்னது. அஞ்சலி சிரித்துவிட்டாள். "யாரு அது, அஞ்சலியா?" என்று சிவா கேட்டான். பிறகு அவர்கள் இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். குரலின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் மாமாவுக்கு விளங்குகிறது என்று அவளுக்கு ஆச்சரியம். நான் இடையில் போகவில்லை.

அன்றுதான் என் பிராம்ப்டையும் ஒற்றைச் சொல்லாக்கினேன். அவன் கேட்பதை நானும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குமேல் அதில் தத்துவம் ஒன்றும் இல்லை.

6

மாத முடிவு வந்தது. அன்று விடுப்புப் போட்டு, விடியலிலேயே கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போய் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம், ஏதாவது தவறினால் தடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். தொடங்குவதற்கு முன் சிவா அழைத்தான்.

"அக்கா, உள்ள இருக்கீங்களா?"

"சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"தெரியும். நீங்க உள்ள வந்தா எனக்குச் சொல்ற மாதிரி வச்சிருக்கேன். வெளிய போங்க அக்கா."

"ஏதாவது ஆயிட்டா?"

"ஆனா ஆகட்டும். நான் பாத்துக்குவேன்."

வெளியே வந்தேன். அன்று பகல் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். இரண்டு தரம் சோறு வடித்தேன், வீட்டில் ஆள் இல்லை. முருகனைக் கூப்பிட்டேன். கைபேசியை எடுத்து வைத்தேன், வைத்து எடுத்தேன்.

அங்கே மாலை மங்கும் நேரத்தில் மாலாதான் அழைத்தாள். "முடிஞ்சுது அண்ணி. லொறியெல்லாம் நேரத்துக்குப் போயிருச்சு. மேலாளர் மாத்தயா கைகுடுத்தாராம். இப்பதான் பஸ்ஸுல வந்து எறங்கினாரு. பசிக்குதுங்கிறாரு" என்றாள். பின்னால் சிவா பிள்ளைகளோடு எதற்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தது கேட்டது.

7

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கம்போல் பல்லேகலவுக்குள் போகக் கட்டளை கொடுத்தேன். அனுமதி இல்லை என்றது. கடவுச்சொல் தவறியிருக்கும் என்று கெலிஓயாவுக்குப் போனேன். அங்கும் இல்லை. கட்டுகஸ்தோட்டையிலும் இல்லை.

பதறிப்போய் சிவாவை அழைத்தேன். யாரோ உள்ளே புகுந்து என் கணக்கை அழித்துவிட்டார்கள் என்றேன்.

"நான்தான் எடுத்தேன் அக்கா" என்றான்.

"நீயா?"

"வெளியாளு யாருக்கும் வழி இருக்கான்னு மாத்தயா கேட்டாரு. அக்காவுக்கு இருக்குன்னேன். வைக்கிறதும் எடுக்கிறதும் ஒன் இஷ்டம்னாரு. நீங்க உள்ள இருந்தா நான் தப்புப் பண்ணலாம்னு தோணுது அக்கா. யாரோ பாத்துக்குவாங்கன்னு. எனக்கு அது கூடாது."

வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். கெலிஓயாவில் நின்றேன், பாலத்தைத் தாண்டினேன் என்று நான் ஊரோடு வைத்திருந்த ஒட்டெல்லாம் அந்தக் கணக்குத்தான். நல்லது செய்தாய் என்று சொன்னேன். குரல் எப்படி வந்தது என்று தெரியாது. அவன் காது இப்போது எதையும் தவறவிடுவதில்லை.

தொலைபேசியை வைத்த பிறகு திரையைப் பார்த்தேன். அனுமதி இல்லை என்பதற்கு மேலே, முன்பு இல்லாத ஒரு வரி இருந்தது. பதற்றத்தில் நான் அதை வாசிக்கவில்லை. வெளியாட்கள் நுழையக்கூடாது, தேவை இருந்தால் கணினிப் பொறுப்பாளர் சிவகுமாரைத் தொடர்புகொள்ளவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தே, அந்த வரியை வாசிப்பதற்காக, இன்னொரு தரம் கதவைத் தட்டினேன்.